கங்கு கேட்டவன்

பழனியாண்டவர் மேல் ஆணை. இதில் ஒரு வார்த்தை பொய்யென்றாலும் என் கைத்தடி பாம்பாகிக் கடிக்கட்டும். என்னிடம் கைத்தடி இல்லை; அது வேறு விஷயம்.

போன ஐப்பசி மழை ஓய்ந்ததும், கொடைக்கானலில் ஒரு லாட்ஜின் கார் பார்க்கிங்கில் பள்ளம் அடைக்கப் போனோம். தார் காய்ச்சுவது நான். ஜல்லி சுமப்பது கூக்கால் ஊர்க்காரி குப்பம்மாள். வேலை முடிந்ததும் தார் டிரம்முக்கு அடியில் கங்கு மிச்சம் கிடக்கும். அந்த லாட்ஜில் டிரைவர்களுக்கு ரூம் கிடையாது. காரிலேயே படுப்பவர்கள், குளிருக்குச் சட்டியோடு வந்து அந்தக் கங்கைக் கேட்பார்கள்.

குப்பம்மாள் கொடுக்க விடமாட்டாள். குடத்துத் தண்ணீரை ஊற்றி அணைத்துவிடுவாள்.

“எம் மகன் சிவமுருகன் இப்படித்தாண்ணே... கங்கைக் காருக்குள்ள வச்சுக் கண்ணாடிய ஏத்திட்டுத் தூங்குனான். மூச்சடைச்சுப் போச்சு. வெள்ளனே பாத்தா வெறச்சுக் கெடந்தான். இந்தா, அந்த மூலைதான்.”

அந்த மூலைப் பள்ளம்தான் எங்களுக்குப் பெரிய சோலி. எத்தனை தடவை அடைத்தாலும் தார் இறுகவில்லை. மற்ற இடமெல்லாம் ஐஸாகக் கிடக்க, அங்கே மட்டும் கை வைத்தால் சுட்டது.

கடைசி நாள். மாலை நாலரை. மேகம் இறங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற வேன்கூடத் தெரியவில்லை.

சரக்... சரக்...

ஜல்லிமேல் யாரோ நடக்கிற சத்தம். அந்த மூலையிலிருந்து.

மப்ளர் சுற்றிய ஒரு பையன். கையில் சட்டி. பல் கிடுகிடுத்தது.

“கொஞ்சம் கங்கு குடுங்க. குளுருது.”

இறுகாத தாரை மிதித்துத்தான் வந்தான். தடம் இல்லை.

என்னால் பேச முடியவில்லை. பயமில்லை, வாயில் வெற்றிலை இருந்தது.

குப்பம்மாள் குடத்தைத் தூக்கினாள். அவளுக்கு அவன் தெரியவில்லை. வெற்றிலையைத் துப்பினேன்.

“ஊத்தாத குப்பம்மா. மப்ளர் போட்ட பையன் ஒருத்தன் கங்கு கேட்டு நிக்கிறான்.”

“எங்கண்ணே?”

கையைக் காட்டினேன். வெறும் மேகத்தைத்தான் பார்த்திருப்பாள்.

குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கங்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“கங்கு தரமாட்டேன்லே...” என்றாள். “காருக்குள்ள கொண்டு போவாத. இங்கனயே ஆத்தா பக்கத்துல உக்காந்து காஞ்சுக்க.”

அவன் சட்டியைக் கீழே வைத்தான்.

உட்கார்ந்தான்.

அவள் தோளில் சாய்ந்தான்...

கங்கு சாம்பலாகும்வரை அவள் அந்தத் தோளை அசைக்கவே இல்லை.

மறுநாள் சாமான் ஏற்றப் போனோம். மூலைத் தார் கல்லாக இறுகிக் குளிர்ந்திருந்தது. டிரம் பக்கத்தில் ஒரு சட்டி கிடந்தது.

மலை இறங்கும்போது மேஸ்திரி வேலுமணியிடம், “பாவம்யா, குப்பம்மா மகன்” என்றேன்.

அவர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார்.

“யாரு மகன்? முந்தி வேலைக்கு வந்தப்ப அந்தம்மாகிட்டக் கங்கு வாங்கிட்டுப் போயி அங்க செத்தது யாரோ ஒரு டிரைவரு. அந்தம்மாவுக்குப் பிள்ளையே பொறக்கலியே, பெருசு.”