நாகராஜன் நிலத்துக்கு வந்த சொட்டுநீர்

கே.ஜி.கண்டிகையில் நாகராஜனுக்கு இருந்த ஒன்றரை ஏக்கரில் கெங்கம்மாள்தான் பயிர் வைத்துக்கொண்டிருந்தாள். நாகராஜன் அம்பத்தூரில் வீடு கட்டிப் போய்விட்டவர். குத்தகைக்கு எழுத்து எதுவும் கிடையாது, வாய்ப்பேச்சுதான். புருஷன் துளசிங்கம் செத்த பிறகு, நெல்லை விட்டுவிட்டு மல்லிகை வைத்தாள். விடியுமுன் பறித்து, முதல் பஸ்ஸில் திருத்தணி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவாள்.

போன கோடையில் கிணற்றுத் தண்ணீர் அடிக்குப் போய்விட்டது. செடிகள் மொட்டு வைக்காமல் நின்றன. பக்கத்து நிலத்து வேணு, சொட்டுநீர்க் குழாய் போட அரசாங்கமே முழு மானியம் தருகிறது என்றான். கெங்கம்மாள் தோட்டக்கலை அலுவலகத்துக்கு ஓடினாள்.

"பட்டா யார் பேர்ல இருக்கோ அவங்கதாம்மா கேக்கணும்" என்றாள் அங்கிருந்த அதிகாரி பானுப்ரியா.

போனில் சொன்னதும் நாகராஜன் அலுத்துக்கொண்டார். "அதுக்கெல்லாம் யார் அலையறது, கெங்கம்மா?"

"நீங்க கையெழுத்து மட்டும் போடுங்கண்ணா. மத்தத நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டாள். கிடைத்த கூலி வேலையையும் விட்டுவிட்டு, சிட்டாவுக்கும் அடங்கலுக்கும் அவர் பேரைச் சொல்லி வரிசையில் நின்றாள். குழாய் வந்தபோது பள்ளம் தோண்டினாள். பதிக்க வந்தவர்களுக்குச் சோறு ஆக்கிப் போட்டாள். கொஞ்ச நாளில் ஒவ்வொரு செடியின் காலடியிலும் மண் ஈரமாயிற்று. மொட்டு விட்டது.

வேலை முடிந்ததற்கு அத்தாட்சியாகப் போட்டோ எடுக்க பானுப்ரியா வந்தாள். நாகராஜன் காரில் வந்து இறங்கினார்.

"கெங்கம்மா, கொஞ்சம் தள்ளி நில்லு."

நின்றாள். போட்டோ எடுத்த பிறகு அவர் வரப்பு வரப்பாகச் சுற்றி வந்தார். அவ்வளவு நேரம் அந்த நிலத்தில் அவரை அவள் பார்த்ததே இல்லை. சந்தோஷமாகக்கூட இருந்தது.

மறுமாதம் மருமகன் ஸ்ரீதரோடு வந்தார். "தண்ணி தானா பாயுது. மாங்கன்னு வெச்சுடலாம்னு இருக்கோம். இனிமே ஆளு தேவைப்படாது, கெங்கம்மா."

"இப்பதானே பூக்க ஆரம்பிச்சிகினு கீது! ஆடிக் கிருத்திகைக்குப் பூ நல்ல வெலைக்குப் போவும், அது வரைக்குமாச்சும் வுடுங்கண்ணா."

"கன்னுக்கும் மானியம் தர்றாங்களாம். இப்பவே வெச்சாகணும்" என்றார் ஸ்ரீதர்.

அவள் மறுபடி பானுப்ரியாவிடம் போனாள்.

"நான்தானே மேடம் உங்ககிட்ட வந்தேன்? நான்தானே அலைஞ்சேன்?"

"தெரியும்மா. ஆனா உங்க பேரு எங்கயுமே இல்லியே. நான் என்னன்னு எழுதறது?"

பானுப்ரியா ஆளை அனுப்பி அவளுக்கு ஒரு டீ வரவழைத்தாள். கெங்கம்மாள் அது ஆறும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுக் குடிக்காமல் எழுந்து வந்தாள்.

மல்லிகையை ஜேசிபி வைத்துப் பிடுங்கினார்கள். சாய்ந்து கிடந்த செடிகளில் மொட்டு இருந்தது. வெயில் ஏற ஏற, அவள் மடி கொள்ளுமட்டும் பறித்தாள். மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் விரிந்துவிட்டது. வாங்க ஆளில்லை.

இப்போது வேணுவின் தோட்டத்தில் கூலிக்குப் பூப் பறிக்கிறாள். ஒருநாள் ரோட்டோரம் காரை நிறுத்தி நாகராஜன் கூப்பிட்டார்.

"கெங்கம்மா, குழாய்ல மண்ணு அடைச்சிகினு கீது. எங்க தொறக்கறதுன்னு யாருக்கும் தெரியல. கொஞ்சம் வந்து பாரேன்."

மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"ஆங், வரேண்ணா" என்றாள்.

மூடியைக் கழற்றி, வடிகட்டியைக் கழுவி மாட்டினாள். மாங்கன்றுகளுக்குத் தண்ணீர் சொட்டத் தொடங்கியது. கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டு, வேணுவின் தோட்டத்தில் மிச்சப் பூவைப் பறிக்கத் திரும்பிப் போனாள்.