முதல் போன் எங்களுக்கு வருவதில்லை

ஆம்புலன்ஸ் வேலையில் வண்டியை விரட்டுவது பெரிய காரியமில்லை. எந்த வாசலில் நிறுத்துவது என்பதைக் கூப்பிட்டவர் வாயிலிருந்து வாங்குவதற்குள்தான் நமக்கே ஆக்ஸிஜன் தேவைப்படும்.

மஸ்கட்டில் பல வருஷம் நர்ஸாக இருந்துவிட்டு ஊர் திரும்பியவள் நான். இப்போது அயோத்தியாப்பட்டணத்தில் நிற்கும் நூற்றெட்டு வண்டியில் மருத்துவ உதவியாளர். ஓட்டுபவர் ஜாபர் பாய். நீங்கள் கூப்பிட்டால் முதலில் எடுப்பது சென்னையில் உள்ள கட்டுப்பாட்டு அறை. அவர்கள் உங்களையும் எங்களையும் ஒரே லைனில் கோத்துவிடுவார்கள். அதன்பின் படுத்திருப்பவரின் உயிர் அந்தப் பேச்சில்தான் தொங்கும். என்றைக்காவது அந்த எண்ணை அழுத்தியிருந்தால், நான் சொல்லப்போவது உங்களுக்கும் புரியும்.

மாரியம்மன் கோயில் பக்கத்துல

அப்பாவுக்கு நெஞ்சு வலி, வேர்த்துக் கொட்டுகிறது, மாரியம்மன் கோயில் பக்கத்துல வாங்க என்று சொல்லிவிட்டு மகன் போனை வைத்துவிட்டார். ஆத்தூர் ரோட்டில் மாரியம்மன் கோயில் இல்லாத ஊர் ஏது? திருப்பிக் கூப்பிட்டால் லைன் பிஸி. சொந்தக்காரர்களுக்குத் தகவல் போய்க்கொண்டிருக்கிறது. ஜாபர் பாய் வண்டியைக் கிளப்பிவிட்டு, எந்தப் பக்கம் திருப்புவது என்று என் முகத்தையே பார்க்கிறார்.

ஒருவழியாக லைன் கிடைத்ததும் ஊர், தெரு எதையும் கேட்காமல், உங்க ஊட்டுக்கு வர எந்த ஸ்டாப்பில் இறங்கணும் என்று மட்டும் கேட்டேன். பளிச்சென்று சொன்னார். போனை யாருக்கும் தராமல், ஒரு சிவப்புத் துண்டோடு ரோட்டுக்கு வந்து நிற்கச் சொன்னேன். வந்து நின்றார். பெரியவர் சாம்பல் நிறத்தில் சாய்ந்து கிடந்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்து, மூச்சு சீரான பிறகும் மகனுக்குக் கோபம் ஆறவில்லை: "பஞ்சாயத்து எலெக்சன்ல ரெண்டு தடவை நின்னவருங்க எங்கப்பா. அவரு ஊட்டைத் தெரியாமயா ஆம்புலன்ஸ் ஓட்டறீங்க?"

எதிரே வந்த ஆட்டோ

ஆத்தூருக்கு முன்னால் ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ ஃபேக்டரி. கிழங்கு லாரியின் மேலிருந்து லோடுமேன் ஒருவர் மல்லாக்க விழுந்துவிட்டார் என்று தகவல். அசைக்காதீங்க, அப்படியே விடுங்க, பேச்சு மட்டும் கொடுங்க என்று லைனில் திரும்பத் திரும்பச் சொன்னேன். சரிங்க, சரிங்க என்றார்கள்.

பாதி வழியில் எதிரே ஒரு ஷேர் ஆட்டோ அலறிக்கொண்டு வந்தது. பின் சீட்டில் இரண்டு பேருக்கு நடுவில் ஒருவரை நிமிர்த்தி உட்கார வைத்திருந்தார்கள். தலை ஒவ்வொரு குழிக்கும் ஒரு பக்கம் சாய்ந்தது. ஜாபர் பாய் வண்டியைக் குறுக்கே போட்டு மறித்தார். கழுத்துக்குப் பட்டை போட்டு, பலகையில் மெதுவாகச் சாய்த்து, கால் விரலை ஆட்டச் சொன்னேன். ஆடவில்லை. மறுபடி சொன்னேன். இடது பெருவிரல் கொஞ்சம் அசைந்தது. பிறகு வலதும். பலகையோடு வண்டியில் ஏற்றினோம். சொல்லியும் ஏன் தூக்கினீர்கள் என்று ஆட்டோவில் கூட வந்த மேஸ்திரியைக் கேட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "நீங்க வர்ற வரைக்கும் சும்மா நின்னுக்கிட்டு இருந்தா, பாக்கறவங்க எங்களை என்னம்மா நெனப்பாங்க?"

பேர் சொல்லாதவர்

ரோட்டில் பைக் மோதி ஒருவர் மயங்கிக் கிடக்கிறார் என்று ஓர் அழைப்பு. எந்தப் பாலம், எந்தப் பக்கம், எத்தனை பேருக்கு அடி, மூச்சு இருக்கிறதா என எல்லாவற்றையும் கேட்கும் முன்னே சொன்னார். பேரைக் கேட்டதும் லைனை வெட்டிவிட்டார். போலீஸ் கேஸ் என்றால் நம்மவர்களுக்கு ரத்தத்தைவிட அதுதான் பயம். கூப்பிட்டவர் பேர் சொல்லவேண்டிய கட்டாயமில்லை என்று சொல்லக்கூட அவர் அவகாசம் தரவில்லை.

போய்ப் பார்த்தால், வேட்டி கட்டிய ஒருவர் அடிபட்டவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் வந்த ரத்தம் தொண்டைக்குள் போகாமல் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தார். நீங்கதான் கூப்பிட்டீங்களா என்றால், இல்லைங்க, நான் இப்பத்தான் வந்தேன் என்றார். சந்தேகத்தில் அழைப்பு வந்த எண்ணை அழுத்தினேன். அவர் சட்டைப் பையில் மணி அடித்தது. என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்: "ஏனுங்க, நான் பார்த்ததையெல்லாம் நீங்களே பார்த்ததா வெச்சுக்குங்க."

ராஜஸ்தான் வழியாக நாமகிரிப்பேட்டை

ராசிபுரத்தில் ஒருவரை இறக்கிவிட்டுத் திரும்பும்போது வந்த அழைப்பு இது. நாமகிரிப்பேட்டைப் பக்கம், மஞ்சள் விளையும் காட்டில் ஒரு பெண்ணைப் பாம்பு கடித்திருக்கிறது. கூப்பிட்டது பக்கத்துக் காட்டுப் பழனியம்மா. வண்டி வேகமெடுக்கும்போதே கேட்டேன், கடித்து எவ்வளவு நேரமாச்சு என்று. அரைமணிக்கு மேலே இருக்கும் என்றார்.

அந்த அரைமணியின் கதையை அவரே லைனில் சொன்னார். கடிபட்ட சுதா முதலில் போன் போட்டது வீட்டுக்காரருக்கு. அவர் ராஜஸ்தானில் போர்வெல் போடும் ரிக் வண்டியில் டிரில்லர். ரிக்குக்குப் போனவர்களின் வீட்டுப் பெண்கள் கேஸ் தீர்ந்தாலும் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும் அவர்களைப் போனில் கேட்டுத்தான் செய்வார்கள். அவரும் பதறி அங்கிருந்தே நூற்றெட்டை அழுத்தியிருக்கிறார். எடுத்தது அந்த ஊர் நூற்றெட்டு. தெரிந்த இந்தியில் நாமகிரிப்பேட்டை என்று கத்தியிருக்கிறார். எந்த ஜில்லா என்று கேட்டு, புரிந்துகொண்டு, தமிழ்நாட்டில் இருக்கும் யாரையாவது கூப்பிடச் சொல்லுங்கள் என்று அவர்கள் சரியாகத்தான் சொன்னார்கள். அவர் மச்சானைக் கூப்பிட்டார். மச்சான், நான் வந்து பார்க்கிறேன் என்று பைக்கை எடுத்தார். இதெல்லாம் முடிந்த பிறகுதான் பழனியம்மா பொறுமை இழந்து எங்களை அழைத்திருக்கிறார்.

சுதா வரப்பில் படுத்திருந்தாள். காலில் கயிற்றை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அதைக் கட்டியது தப்பு; விஷமுறிவு மருந்து கையில் இல்லாமல் சட்டென்று அவிழ்ப்பது அதைவிட ஆபத்து. இமைகள் பாதி இறங்கிவிட்டன. குரல் மூக்கில் வந்தது. கையில் போன் மட்டும் விடாமல் இருந்தது. மருந்தைத் தயாராக வைக்கச் சொல்லி ஆஸ்பத்திரிக்குத் தகவல் கொடுத்தோம். வழியிலேயே மூச்சு அடங்கத் தொடங்கியது. முகமூடியை வைத்து அழுத்தி, அதோடு இணைந்த காற்றுப் பையைப் பிதுக்கிப் பிதுக்கி நானே அவளுக்கு மூச்சுக் கொடுத்துக்கொண்டு போனேன். போன் அடித்துக்கொண்டே இருந்தது. அந்தப் பக்கம் யாரென்று தெரியும். எடுக்க எனக்குக் கை இல்லை. ஜாபர் பாய் ஹாரனில் வைத்த கையை எடுக்கவேயில்லை.

பிழைத்தாள். மூச்சுக்காகப் போட்டிருந்த தொண்டைக் குழாயை எடுத்த பிறகு பார்க்கப் போனேன். நேரே எங்களைக் கூப்பிட்டிருக்கக் கூடாதா சாமி என்றேன். குரல் இன்னும் கரகரத்தது. நான் கேட்டதுதான் விசித்திரம் என்பதுபோலப் பார்த்தாள்: "அவருகிட்ட ஒரு வார்த்தை கேக்காம, ஊட்டுக்கு எப்படிங்கக்கா வண்டியக் கூப்பிடறது?"

ஆகவே, இந்த அவஸ்தையில் என்றாவது பங்குபெறப் போகிறவர்களே, முதல் போனை எங்களுக்குப் போட்டுவிடுங்கள். வீட்டுக்காரரின் சம்மதத்தை வண்டியில் படுத்தபடியே கேட்டுக்கொள்ளலாம், போனைக் காதில் பிடிக்க இன்னொரு கை தேடிக்கொள்வது என் பாடு.