காந்த வண்டிக்காரர்

லாட வடிவத்தில் ஒரு காந்தம். துறைமுகப் பட்டறையில் பிட்டராக இருந்த என் வீட்டுக்காரரின் சட்டைப் பையில் அது எப்போதும் கிடக்கும். என் கொண்டை ஊசி, வந்தவர் வீட்டுச் சாவி என்று எதையாவது ஒட்டிக் காட்டுவார். உடனே அந்தப் பாழாய்ப்போன கதை ஆரம்பித்துவிடும்.

"இரும்புல ஒரு வண்டி கட்டு. முன்னால கழி நீட்டி பெரிய காந்தமா தொங்க வுடு. காந்தம் வண்டிய இஸ்துகினே போவும், வண்டி காந்தத்தத் தள்ளிகினே போவும். பெட்ரோலு வாணாம், மாடு வாணாம். எப்டி நிறுத்தறதுன்னுதான் ரோசிச்சிகினு கீறேன்." முகத்தில் சிரிப்பின் சுவடே இருக்காது. ஐம்பதுகளின் தொடக்கத்தில், ராயபுரத்தில் எங்கள் தெருவில் அதைக் கேட்காத காது இல்லை. எனக்குக் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போயிருந்தது.

வேறு சமயமென்றால் பொறுத்திருப்பேன். அவருடைய தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். தாய் தகப்பன் இல்லாத பெண். அண்ணன்தான் முன்னின்று பேச வேண்டும். வண்ணாரப்பேட்டையில் கடை வைத்திருந்த திருநெல்வேலிக்காரர் ஒருவர் தன் மகனுக்காகப் பெண் பார்க்க வந்தார். அவரிடமும் இவர் வண்டியை ஓட்டினார். பெரியவர் வந்த காரியத்தை மறந்து, "நானும் ஒரு பங்கு சேந்துக்கிடுதேன்" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். விளையாட்டு என்று தெரிந்ததும் வெற்றிலைத் தட்டைத் தொடாமலே எழுந்து போய்விட்டார். நாத்தனார் பட்டுப்புடவையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

அடுத்து வந்தவர்கள் கொருக்குப்பேட்டைக்காரர்கள். மாப்பிள்ளை ரயில் என்ஜினில் கரி அள்ளிப் போடும் வேலை. "இன்னிக்கு வாயத் தொறந்தீங்க, நான் அம்மா வூட்டுக்குப் பூடுவேன்" என்று சொல்லி, காந்தத்தையும் பிடுங்கி அரிசிப் பானைக்குள் போட்டேன். மனிதர் வாக்குத் தவறவில்லை. எது கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினார். மாப்பிள்ளையின் தாயார் முகம் சுருங்கிற்று. "இன்னாம்மா, உன் வூட்டுக்காரருக்கு இந்த சம்மந்தத்துல இஷ்டம் இல்லியா? உம்முனு குந்திகினு கீறாரே" என்றார். பேசினாலும் வம்பு, பேசாவிட்டாலும் வம்பு. இப்படி ஒருவரை வைத்துக்கொண்டு நான் என்னதான் செய்வது?

காபி கொண்டுவந்த நாத்தனார் அதைக் கேட்டுவிட்டாள். தட்டை வைத்துவிட்டு, "அண்ணே, அந்தக் காந்த வண்டிய சொல்லேன்" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். சொல்லித் தொலையுங்கள் என்று கையைக் காட்டினேன். கதை முடிந்தது. மாப்பிள்ளை காய்த்துப்போன தன் உள்ளங்கையைப் பார்த்தபடி, "அப்ப கரி அள்ள வாணாமா மச்சான்?" என்று கேட்டார். பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள். மச்சான் என்று கூப்பிட்ட பிறகு பேச என்ன இருக்கிறது? அன்றைக்கே பாக்கு வெற்றிலை மாற்றிக்கொண்டோம்.

கல்யாணம் முடிந்து அவளை ஜட்காவில் ஏற்றி அனுப்பிவிட்டு உள்ளே வந்தால், இவர் மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். "தோ கீது கொருக்குப்பேட்டை, இதுக்கு அழுவாங்களா?" என்றேன். "அம்மா செத்தப்ப தங்கச்சி அழுதுகினே இருந்துச்சு. சிரிக்க வெக்கத்தான் அந்த வண்டியக் கட்டினேன். இனிமே யாருக்கு சொல்லுவேன்?" என்றார். "ஏன், நான் இல்லியா?" என்று கேட்டேன். "நீ ஒரு நாளாவது சிரிச்சிருக்கியா?"

என் வாயாலேயே கெடுத்துக்கொண்டேன். அன்று தொடங்கி, கண் மூடும்வரை தினமும் எனக்கே சொன்னார், நான் சிரிக்க வேண்டுமென்று. நானா சிரிப்பேன்? பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சிரித்திருந்தால் அத்தோடு விட்டிருப்பாரே.