ஆடுகள் மேயாத கோடை

சில வருடங்களுக்கு முன், ஒரு சித்திரை மாதத்தில் நடந்தது இது. அப்போது நாங்கள் திருக்கழுக்குன்றத்திலிருந்து செங்கல்பட்டு போகும் சாலையில், கொஞ்சம் உள்ளே தள்ளியிருந்த ஒரு புது லே-அவுட்டில் வாடகைக்குக் குடியிருந்தோம். என் கணவருக்குக் கல்பாக்கத்தில் வேலை. எனக்குச் சொந்த ஊர் திருச்சி பக்கம். மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பில் ஆபரேஷன் முடிந்து எங்களோடு இருந்தார். அவரைப் பார்த்துக்கொள்வதற்காக நான் பள்ளிக்கூட வேலையை விட்டிருந்தேன்.

லே-அவுட்டில் வீடுகள் கொஞ்சம்தான். மீதியெல்லாம் காலி மனை. எங்கள் வீடு கடைசி வரிசையில் இருந்தது. கொல்லைச் சுவரைத் தாண்டினால் வனத்துறை நட்ட எல்லைக் கல். அதற்கு அப்பால் காப்புக்காடும் மலையும். 'இயற்கையின் மடியில் இல்லம்' என்று நோட்டீஸ் அடித்துத்தான் மனைகளை விற்றார்களாம். அந்த மடியில் என்ன இருக்கிறது என்பது விற்றவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது.

எங்கள் வரிசையின் கோடியில், நாலைந்து காலி மனைகள் தள்ளி, புறம்போக்கில் ஒரு புங்கமரம். அதன் அடியில் முள்வேலியும் ஓலைக்கூரையுமாக ஒரு ஆட்டுப் பட்டி. பக்கத்து ஊர் அக்கா ஒருவருடையது. கணவரை இழந்தவர். அந்த ஆடுகள்தான் அவருக்குச் சம்பாத்தியம், துணை, பேச்சு எல்லாம். காலையில் பட்டியைத் திறந்து காலி மனைகளில் ஆடுகளை மேயவிடுவார். பிறந்து சில வாரங்களே ஆன குட்டிகளை மட்டும் கூடவே கூட்டிப்போக மாட்டார். பெரிய மூங்கில் கூடைகளைக் கவிழ்த்து, அதற்குள் குட்டிகளை விட்டு, மேலே ஒரு கல்லை வைத்துவிட்டுப் போவார். தாயின் பின்னாலேயே ஓடி வெயிலில் துவண்டுவிடக் கூடாது, நாய் தூக்கிவிடக் கூடாது என்பதற்காக.

சாயங்காலம் தாய் ஆடுகள் திரும்பி வந்து கூடையைச் சுற்றிச் சுற்றிக் கத்தும். அக்கா கூடையைத் தூக்கியதுதான் தாமதம், குட்டிகள் துள்ளி வந்து மடியை முட்டி முட்டிக் குடிக்கும். எந்தக் குட்டி எந்தத் தாய்க்கு என்று ஒருநாள்கூடக் குழப்பம் வந்ததில்லை. என் மாமியார் ஜன்னலோரம் கட்டிலில் படுத்தபடி தினமும் இதைப் பார்ப்பார். "உங்க சீரியலை விட இது எவ்வளவோ தேவலைடி" என்பார். அந்த அக்காவும் போகிற போக்கில் ஜன்னலுக்கு வெளியே நின்று, "இன்னா பெரிம்மா, இன்னிக்கி எயுந்து நடந்தியா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார். 'எயுந்து' என்பதைக் கேட்டு மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். ஆனால் அந்தக் குரல் கொஞ்சம் தாமதமானால் அவருக்கு இருப்புக் கொள்ளாது.

இதற்கு வேட்டு வைத்தது ஒரு மரம் நடும் விழா. குடியிருப்போர் சங்கத்தில் தெரு முழுக்க வரிசையாகக் கன்று நட்டு, தண்ணீர் ஊற்றி, போட்டோவும் எடுத்துக்கொண்டார்கள். மறுநாளே ஆடுகள் அதில் பாதியைத் தின்றுவிட்டன. கூண்டு வைக்காமல் நட்டது யார் தவறு என்று யாரும் பேசவில்லை. செயலாளர் ரிட்டயரான அதிகாரி, மோசமான மனிதர் இல்லை, செடி என்றால் உயிர். அவர் அக்காவைக் கூப்பிட்டு, "இது லே-அவுட்டும்மா, மேய்ச்சல் நிலம் இல்ல" என்று சொல்லிவிட்டார். 'ஆடு மாடு மேய்க்கத் தடை' என்று பலகையும் வைத்தாயிற்று. வாடகைக்கு இருக்கிறவர்களுக்குக் கூட்டத்தில் நாற்காலி உண்டு, பேச்சு கிடையாது. அக்கா சண்டை போடவில்லை. "வுடு சார், நான் ஏரிப்பக்கம் ஓட்டிக்கிறேன்" என்று போய்விட்டார். பட்டி மட்டும் பழைய இடத்திலேயே இருந்தது.

அந்த வருடம் மழை நன்றாகப் பெய்திருந்தது. மேய ஆடு இல்லாத காலி மனைகளில் புல் இடுப்பு உயரத்துக்கு வளர்ந்து, தை தாண்டியதும் மஞ்சளாகக் காய்ந்து நின்றது. மாசியில் வனக்காவலர் ஒருவர் வந்தார். மலையடிவாரத்தில் தீ பரவாமல் இருக்க அவர்கள் ஒரு பட்டையாகப் புல்லைச் செதுக்கி வெறும் மண்ணாக்கிவிட்டார்களாம். "எங்க பக்கம் கோடு போட்டுட்டோம் சார். உங்க பக்கமும் புல்ல வெட்டி வுட்டுடுங்க. காத்து சொன்னத கேக்காது" என்றார். சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். மனைக்காரர்கள் பாதிப் பேர் சென்னையில், மீதிப் பேர் வெளிநாட்டில். அவர்கள் இடத்தில் நாம் ஏன் புல் வெட்ட வேண்டும் என்று ஒருவர், வெட்டினால் யார் கணக்கு என்று இன்னொருவர். ஆளாளுக்கு நாட்டாமை. வாட்ஸ்அப் குழுவில் கட்டைவிரல்கள் நிறைய உயர்ந்தன, அரிவாள் ஒன்றும் எழவில்லை.

நடந்த அன்று காலை பத்து மணிவாக்கில் மலை உச்சியில் புகை தெரிந்தது. யார் வைத்தது, எப்படிப் பிடித்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. மேற்கிலிருந்து மேல்காற்று வீசிக்கொண்டிருந்ததால் தீ மலைக்கு அந்தப் பக்கம், கிழக்கே இறங்கிக்கொண்டிருந்தது. தீயணைப்பு வண்டியும் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டது. நாங்களெல்லாம் மொட்டை மாடிகளில் நின்று வேடிக்கை பார்த்தோம். செல்போனில் படம்கூடப் பிடித்தார்கள். 'நமக்கில்லப்பா' என்கிற நிம்மதி எல்லார் முகத்திலும் இருந்தது.

இந்தப் பக்கத்துக் கோடையில் எல்லாரும் காத்திருப்பது ஒன்றே ஒன்றுக்குத்தான்: மதியத்துக்கு மேல் வருகிற கடல்காற்று. அது வந்துவிட்டால் அனல் அடங்கும், உயிர் வரும். அன்றைக்கும் நேரம் தவறாமல் வந்தது. கிழக்கிலிருந்து வந்த அந்தக் காற்று தீயை அப்படியே எங்கள் பக்கம் திருப்பி, மலைச்சரிவில் இறக்கிவிட்டது. சடசடவென்று மூங்கில் வெடிப்பது போல ஒரு சத்தம். எட்டிப் பார்த்தால் சரிவு முழுக்கச் சிவப்பு. வனத்துறை போட்ட கோட்டில் தீ நின்றதுதான், ஆனால் பொறி பறந்தது. எங்கள் கொல்லைச் சுவருக்கு வெளியே நின்ற புல் ஒரே மூச்சில் பற்றிக்கொண்டது.

அவரவர் வீட்டுச் சுவரை நனைக்க எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் மோட்டாரைப் போட்டார்கள். டப் என்று ஒரு சத்தம், டிரான்ஸ்ஃபார்மரில் பியூஸ் போய்விட்டது. குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. காரை எடுத்துக்கொண்டு என் கணவர் வேலைக்குப் போயிருந்தார். உள்ளே நடக்க முடியாத மாமியார். வீட்டுக்குள் புகை நுழைந்து அவர் இருமத் தொடங்கினார். வாசலுக்கும் கட்டிலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

அப்போதுதான் ஊர்க்காரர்கள் வந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. வேப்பங்கிளையை ஒடித்துக்கொண்டும், நனைத்த சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டும் ஓடி வந்து புல்லில் தீயை அடித்தார்கள். ஆடுகளை ஏரியில் விட்டுவிட்டு வந்திருந்த அந்த அக்காவும் கூட இருந்தார். அவர் நேராக என் வீட்டுக்குள் வந்தார்.

"இன்னாம்மா பாத்துகினு நிக்கிற? பெரிம்மாவ தூக்கு மொதல்ல!"

இருவருமாக மாமியாரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு போய், தெருமுனையில் சிமென்ட் சாலையில் இறக்கினோம். மூச்சு வாங்க நிமிர்ந்த அக்கா எங்கள் மாடியைப் பார்த்தார். வெயிலுக்காக மொட்டை மாடியில் கீற்றுப் பந்தல் போட்டிருந்தோம். மாமியார் அறைக்குள் சூடு இறங்கக் கூடாதென்று போட்டது.

"ஐயய்ய, மேல கீத்து கீதே! ஒரு பொறி வுயுந்தா வூடே பூடும். கத்தி குடு!"

வீட்டுக்குள் ஓடி நான் எடுத்துக் கொடுத்த கத்தியோடு மாடிக்கு ஓடினார். கயிறுகளை அறுத்து அறுத்துக் கீற்றுகளைத் தெருப்பக்கம் தள்ளினார். நான் கீழே நின்று இழுத்து இழுத்துத் தூரப் போட்டேன். ஒரு மூலையில் புகையவே தொடங்கிவிட்டது. அதை வெறும் காலால் மிதித்தார். கடைசிக் கீற்று விழுந்தபோது நான் மேலே பார்த்தேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை. வரிசையின் கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குட்டிங்கோ..."

அவ்வளவுதான் சொன்னார். படியில் இறங்கினாரா, விழுந்தாரா என்று தெரியவில்லை. எல்லாரும் வீடுகளுக்குப் பின்னால் தீயை அடித்துக்கொண்டிருந்த நேரத்தில், அது யாரும் இல்லாத காலி மனைகளின் புல் வழியே பக்கவாட்டில் போய்ப் பட்டியைப் பிடித்துவிட்டது. முந்தைய வருடமாக இருந்தால் அங்கே பிடிக்க ஒன்றும் இருந்திருக்காது. அந்த மனைகளை அவருடைய ஆடுகளே மொட்டையாக மேய்ந்து வைத்திருக்கும்.

நானும் பின்னால் ஓடினேன். ஓலைக்கூரை எரிந்து விழுந்திருந்தது. கூடைகள் இருந்த இடத்தில் கூடைகள் இல்லை. மேலே வைத்த கற்கள் மட்டும் கரியில் கிடந்தன. ஏரியிலிருந்த தாய் ஆடுகள் எப்படியோ தெரிந்துகொண்டு ஓடி வந்திருக்கின்றன. நெருப்பைக் கண்டால் ஆடு விலகி ஓடும் என்றுதான் நினைத்திருந்தேன். குட்டி உள்ளே இருந்தால் ஓடாது போலிருக்கிறது. இரண்டு ஆடுகள் வேலிக்கு உள்ளேயே விழுந்து கிடந்தன. மற்றவை உடம்பு பொசுங்கி, அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தன. சாயங்காலம் கூடையைத் தூக்குவதற்கு முன்னால் கத்துமே, அதே கத்தல். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அக்கா அழவில்லை. குச்சியால் கரியைக் கிளறி, குட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் புடவைத் தலைப்பில் வைத்தார். ஊர்க்காரர்கள் குழி தோண்டினார்கள். அதற்குள் கரண்ட் வந்தது, தீயணைப்பு வண்டி வந்தது, தீயும் அடங்கியது. லே-அவுட்டில் ஒரு வீட்டுக்கும் சேதம் இல்லை. இரண்டு தண்ணீர்த் தொட்டி உருகியது, ஒரு வேலி கருகியது, அவ்வளவே. வாட்ஸ்அப் குழுவில் 'கடவுள் காப்பாற்றினார்' என்று போட்டார்கள். கடவுளுக்கு உள்ளங்கால் கொப்பளித்திருந்தது எனக்குத் தெரியும். நான்தான் மருந்து போட்டேன்.

மறுநாள் காலையில் மாமியாரின் ஜன்னலுக்கு வெளியே சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். பிழைத்த ஆடுகளுக்குப் பால் கட்டிக்கொண்டு மடி கல்லாக வீங்கியிருந்தது. குடிக்கத்தான் ஆளில்லை. அக்கா கொப்பளித்த காலோடு மண்ணில் உட்கார்ந்து, ஒவ்வோர் ஆடாகப் பிடித்துப் பாலைக் கறந்து தரையில் விட்டுக்கொண்டிருந்தார். நான் ஒரு பாத்திரம் கொண்டுவந்து நீட்டினேன். வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தார். என் மாமியார் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை.

பொசுங்கிய ஆடுகளும் அடுத்தடுத்துச் செத்துப்போயின. மிஞ்சியதை அக்கா வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். ஒருநாள் செயலாளர் தானே அந்தப் பலகையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அக்காவைத் தேடி ஊருக்குள் போனார். நானும் கூடப் போனேன். "நீ பழையபடி ஆடுகளை உள்ளேயே ஓட்டிக்கிட்டு வாம்மா. இனிமே யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றார்.

அக்கா கோபப்படவில்லை. சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவருக்குக் கொடுத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"எத்த சார் ஓட்டிகினு வர்றது?"

செயலாளர் அந்தத் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். குடிக்கவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். இருந்தாலும் செய்கிறோம். ஒவ்வொரு தை கடைசியிலும் யார் மனை என்று பார்க்காமல் ஊர்க்காரர்களும் நாங்களுமாக இறங்கி, எல்லைக் கல்லை ஒட்டிப் புல்லை அறுத்து, சருகு வாரி, மண் தெரியச் செதுக்குகிறோம். மொட்டை மாடிகளில் இப்போது கீற்று கிடையாது. வனக்காவலர் வந்து பார்த்துவிட்டுப் போகிறார். நாங்கள் பிறகு கேளம்பாக்கம் பக்கம் வீடு மாறிவிட்டோம். அந்த ஒரு நாளுக்கு மட்டும் நானும் என் கணவரும் தவறாமல் போய்விடுகிறோம். பட்டி இருந்த இடத்துக்கு வரும்போது குனிந்து அறுத்துக்கொண்டே கடந்துவிடுகிறோம்.

அந்த அக்கா மறுபடி ஆடு வாங்கவில்லை. இப்போது கம்பெனி வேனில் ஏறி மறைமலை நகர் பக்கம் துப்புரவு வேலைக்குப் போகிறார். போன மாதம் திருக்கழுக்குன்றம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "பெரிம்மா எப்டி கீது? நடக்குதா?" என்று கேட்டார். நடக்கிறார், கைத்தடி வைத்துக்கொண்டு கோயிலுக்குக்கூடப் போகிறார் என்றேன். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

நல்ல வேளை, உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று இன்றும் சொந்தக்காரர்கள் சொல்வார்கள். எங்களுக்கு ஆக வேண்டியது இன்னொருத்தருக்கு ஆனது என்பதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், அப்போதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொள்கிறேன்.