புது கார்ட்ரிட்ஜும் என் காதும்

எங்கள் மந்தைவெளி வீட்டுக் கூடத்தில் ஒரு ரெக்கார்டு பிளேயர் இருக்கிறது. என் வீட்டுக்காரர் அதற்குச் செய்யும் பணிவிடையில் பாதியை எனக்குச் செய்திருந்தால் எனக்கு மூட்டுவலியே வந்திருக்காது. ஆனாலும் சாயங்காலம் அவர் இசைத்தட்டு போட்டால் நானும் உட்கார்ந்து கேட்பேன். அதில் ஒரு கிறிஸ்துமஸ் பாடல் தட்டு எனக்கு அத்துப்படி. எந்தப் பெண் எங்கே மூச்சு வாங்குவாள் என்பதுகூடத் தெரியும்.

போன மாதம் அந்தத் தட்டைக் கேட்டபோது எனக்குத் திக்கென்றது. 'ச' வரும் இடமெல்லாம் காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி சீறியது. கீழ்க்குரல்கள் எங்கோ அமுங்கிக் கிடந்தன. எங்கள் பங்குக் கோயில் பாடகர் குழுவில் கல்யாணமான நாளிலிருந்து நான் பாடுவது அந்தக் கீழ்க்குரல்தான். என் அம்மாவுக்கும் இந்த வயதில்தான் காது போனது. எனக்கும் ஆரம்பித்துவிட்டது என்று முடிவுகட்டினேன்.

டாக்டரிடம் போகப் பயம். போனால் ஆமாம் என்று சொல்லிவிடுவாரே. ஞாயிறு பூசையில் சுருதி சேர்கிறதோ இல்லையோ என்று வாயை மட்டும் அசைத்தேன். அழுகை அழுகையாக வந்தது. பாடாமல் அந்தக் கோயிலில் எனக்கு நிற்கக்கூடத் தெரியாது.

அடுத்த சனிக்கிழமை காலை பாடகர் குழு மாஸ்டருக்குப் போன் செய்தேன்.

"மாஸ்டர், நான் இனிமே வரலை. எனக்குக் காது சரியா கேக்கலை."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், பேப்பர் படித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் முகம் வெளிறிப்போயிருந்தது.

"எப்போலேருந்து கேக்கலை?"

"அன்னைக்கு அந்தத் தட்டைப் போட்டீங்களே, அதுலேருந்து. எல்லாம் கீச்சு கீச்சுன்னு கேக்குது."

"அது காது இல்லம்மா. நான் கார்ட்ரிட்ஜ மாத்திட்டேன்."

கார்ட்ரிட்ஜ் என்பது ஊசியைப் பிடித்துக்கொண்டு தட்டின் மேல் ஓடும் சுண்டைக்காய் அளவு சாமான். துல்லியமாக இருக்கும் என்று எவனோ சொன்னானாம். தண்டச்செலவு என்று நான் கத்துவேன் என்று மூச்சு விடாமல் மாட்டிவிட்டார். அவருக்கும் அது பிடிக்கவில்லையாம். வாங்கியாச்சே என்று வாயைத் திறக்கவில்லை.

"பாவி மனுஷா, நான் செவிடாயிட்டேன்னு செத்துக்கிட்டிருக்கேன்."

திட்டத்தான் வாயெடுத்தேன், அழுதுவிட்டேன். ஆனாலும் மனசில் ஒரு ஓரத்தில் சந்தேகம். என்னைச் சமாதானப்படுத்தப் பொய் சொல்கிறாரோ?

அன்று சாயங்காலமே தட்டைத் தூக்கிக்கொண்டு தி.நகர் கடைக்குப் போனோம்.

"இன்னா மாதிரி சவுண்டு வேணும் மேடம்?" என்றார் கடைக்காரர்.

"சீறக்கூடாது. கீழ்க்குரல் கேக்கணும்."

"அப்போ வார்மா, இதமா இருக்கிறதப் பாக்கலாம்."

எதை மாட்டுகிறார்கள் என்று தெரியக்கூடாதென்று நான் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். கடைக்காரர் ஒவ்வொன்றாக மாட்டினார். முதலில் போட்டது கஞ்சி மாதிரி கொழகொழவென்று இருந்தது. அடுத்ததில் குரல்கள் இதமாக, பக்கத்தில் நின்று பாடுவது போல வந்தன. இரண்டாவது சரணத்தில் எப்போதும் அரை மூச்சு பிந்தி நுழைகிற கீழ்க்குரல்காரி, அன்றும் பிந்தித்தான் நுழைந்தாள். அப்பாடா என்றிருந்தது.

"இதுதான்" என்றேன்.

"இன்னும் ஒண்ணு கேளு" என்றார் வீட்டுக்காரர். ஊசி இறங்கியதும் சீறியது.

"இது நம்ம வீட்டுச் சனியன்தானே?"

திரும்பிப் பார்த்தேன். வீட்டு கார்ட்ரிட்ஜையும் கழற்றிச் சட்டைப்பையில் கொண்டுவந்திருக்கிறார். கண் கலங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

கடை வாசலிலேயே மாஸ்டருக்குப் போன் போட்டேன்.

"என் காதுக்கு ஒண்ணுமில்லை மாஸ்டர். எங்க வீட்டுக்காரர் காதைத்தான் திருகணும். நாளைக்குப் பூசைக்கு வரேன், என் இடத்துல யாரையும் நிறுத்திடாதீங்க."