பூட்டிய வீட்டு வாசலில் புதுக்கோலம்

எல்லம்மாளோடு நடக்கிறேன் என்று ஒப்புக்கொண்டவர்கள் பாதி வழியில் மூச்சு வாங்கித்தான் தீருவார்கள். அங்கன்வாடியில் முப்பது வருஷம் ஆயாவாக இருந்து வாண்டுகளைத் துரத்திப் பிடித்த கால்கள் அவை. மெதுவாக நடக்கச் சொன்னால் கேட்குமா? பத்தொன்பது வருஷமாகப் பௌர்ணமி தவறாமல் பதினாலு கிலோமீட்டரும் வெறுங்காலோடு அண்ணாமலையைக் கிரிவலம் வந்தவள்.

கூட மூன்று பேர். அடுத்த தெரு ஜோதியம்மாள், சுண்டல் தூக்கு இல்லாமல் வாசற்படி தாண்டாதவள். எழிலரசி, வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸில் டைப்பிஸ்ட், நால்வரில் சின்னவள். மூன்றாவது முன்னி பேகம், ஆட்டோ ஓட்டும் அன்வர் பாஷாவின் வீட்டுக்காரி. சர்க்கரைக்கு நடக்கச் சொன்னார் டாக்டர் என்று ஒரு மாதத்துக்கு வந்து சேர்ந்தவள், பதினோரு வருஷமாகியும் விட்டபாடில்லை. வழியில் உள்ள எட்டு லிங்கக் கோயில்களில் ஒன்று வந்தால் மற்ற மூவரும் உள்ளே போய்க் கும்பிடுவார்கள். முன்னி பைகளைக் காவல் காத்துக்கொண்டு வெளியே நிற்பாள்.

புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், மகன் ஓசூரில் கம்பெனி வேலையில். மாதத்தின் மற்ற நாட்களை எல்லம்மாள் எப்படியோ தள்ளிவிடுவாள். அந்த ஒரு நாளில்தான் அவள் வயிறு வலிக்கச் சிரிப்பாள்.

அப்படிப்பட்டவளுக்கு வலது முட்டி மக்கர் செய்தது. "ஒரே மூச்சுல ரெண்டு கிலோமீட்டருக்கு மேல நடக்காதீங்கம்மா" என்றார் டாக்டர். எல்லம்மாளுக்கு முட்டி வலியைவிடப் பெரிய பயம் வந்துவிட்டது. சொன்னால் என்ன ஆகும்? பாவம் என்று ரெண்டு மாதம் மெதுவாக நடப்பார்கள். மூன்றாம் மாதம் தயங்கித் தயங்கி, "நீ வீட்லயே இருந்துக்கோக்கா, நாங்க போய்ட்டு வந்துடறோம்" என்பார்கள். அந்த வார்த்தையைக் கேட்க அவளுக்குத் தெம்பு இல்லை. அவர்கள் கழற்றிவிடுவதற்குள் தானே கழன்றுகொள்வது மரியாதை என்று முடிவு கட்டினாள். பௌர்ணமிக்கு முந்தின நாள் போன் போட்டு, "ஓசூருக்குப் போறேன்டி, வர நாளாகும்" என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டாள்.

பொய்யைச் சொன்னால் போதுமா, கட்டிக் காக்க வேண்டாமா? பௌர்ணமி காலையில் முன்கதவை வெளியே பூட்டிவிட்டு, புழக்கடை வழியாக உள்ளே வந்தாள். ஜன்னலைச் சாத்தினாள். டிவி இல்லை, குக்கர் விசில் இல்லை. பழைய சோற்றைக் கரைத்துக் குடித்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தாள். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகமே இருண்டுவிடும் என்று நினைப்பு!

சாயங்காலம் ஆறு மணிக்கு மூவரும் கோயிலுக்குப் போகும் வழியில் அந்தத் தெருவுக்குள் வந்தார்கள். சிரித்துப் பேசிக்கொண்டு வந்த குரல்கள் அவள் வாசலில் சட்டென்று நின்றன. உள்ளே எல்லம்மாள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டி, ஓசூருக்குப் போனவ வாசல்ல புதுக்கோலம் எப்படிடி வந்துச்சு?" இது ஜோதியம்மாள்.

எல்லம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். பௌர்ணமி என்றால் விடியலில் வாசல் தெளித்து, பெரிய கோலமாகப் போடுவது பத்தொன்பது வருஷப் பழக்கம். இன்றைக்கும் தூக்கக் கலக்கத்தோடு கை தன் பாட்டுக்குப் போட்டுவிட்டது. போட்டுவிட்டுத்தான் மகராசி கதவையே பூட்டியிருக்கிறாள்!

"செம்மண் பார்டர்கூட இருக்குதே" என்றாள் எழிலரசி.

"அரே, ஆளு உள்ளதான் இருக்குது. வாங்க பின்னாடி" என்றாள் முன்னி.

புழக்கடைக் கதவு திறந்தது. மூன்று பேரும் இடுப்பில் கை வைத்து நின்றார்கள். எல்லம்மாள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், அழுகைதான் வந்தது. முட்டி, டாக்டர், பயம், எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

அன்றைக்கு அவர்கள் மலை சுற்றப் போகவில்லை. அவள் வீட்டுத் தரையிலேயே உட்கார்ந்து ஜோதியின் சுண்டலைத் தின்றார்கள். எழிலரசி போனில் எதையோ நோண்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"அக்கா, ஒரு லிங்கத்துக்கும் அடுத்த லிங்கத்துக்கும் சுமாரா ரெண்டு கிலோமீட்டர்தான் வருது. தினம் ஒரு துண்டு நடப்போம். எட்டே நாளு. அடுத்த பௌர்ணமி அன்னைக்குக் கோபுரத்துல வந்து முடிச்சிடலாம். பாய் ஆட்டோவுல கொண்டுபோய் விடட்டும், அவரே கூட்டிட்டு வரட்டும்."

"துண்டு துண்டா சுத்துனா சாமி ஏத்துக்குமாடி?"

முன்னி சிரித்தாள். "நாங்க ஒரு நாளைக்கு அஞ்சு வேளை தொழுறோம். எல்லாத்தையும் ஒரே மூச்சுல முடிச்சாத்தான் ஏத்துப்பேன்னு அல்லா சொன்னாரா? எழுந்திரிக்கா, மூக்கைத் துடை."

அடுத்த பௌர்ணமிக்கு ஏழு நாள் இருக்கையில் தொடங்கினார்கள். விடியற்காலை ஐந்தரைக்கு வாசலில் ஹாரன் சத்தம். முதல் நாள் ராஜகோபுரத்திலிருந்து அக்னி லிங்கம். மறுநாள் அக்னி லிங்கத்திலிருந்து எம லிங்கம். முந்தின நாள் நின்ற இடத்தில் வலது காலை வைத்துத்தான் நடையைத் தொடங்க வேண்டும் என்று எல்லம்மாள் சட்டம் போட்டாள். ஆட்டோ ரெண்டடி தள்ளி நின்றாலும் பின்னால் வந்து தொடங்குவாள்.

ஒன்று சொல்ல வேண்டும். பத்தொன்பது வருஷமாகச் சுற்றிய மலையை அவள் கண் நிறையப் பார்த்ததே இல்லை! கூட்டத்தில், இருட்டில், முன்னால் போகிறவர்களின் முதுகையும் தன் காலடியையும்தான் பார்த்திருக்கிறாள். இப்போது வெளிச்சம் மெல்ல வர, மலையும் கூடவே வந்தது. ஒரு நாள் படுத்த மாடு மாதிரி இருந்தது, மறுநாள் நிமிர்ந்து நின்றது, அதற்கும் அடுத்த நாள் மேகத்தில் பாதியைக் காணோம். "அடி ஆத்தே, இது அதே மலைதானா!" என்று தினமும் கேட்டாள்.

ஐந்தாம் நாள், அடி அண்ணாமலையைத் தாண்டியதும் முட்டி மறுத்துவிட்டது. ஒரு கல்லில் உட்கார்ந்தாள். "நீங்க போங்கடி. என்னால உங்களுக்கும் தொல்லை" என்றாள்.

ஜோதியம்மாள் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள். "யாரு, நாங்களா போறது? எனக்கு இடுப்பு விட்டுப்போயி மூணு வருஷம் ஆச்சு. நீ பறந்த பறப்புல சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"போன வருஷம் வேலூர்ல கல்யாணம்னு ரெண்டு பௌர்ணமி வரலையே, ஞாபகம் இருக்குதா?" என்றாள் முன்னி. "கல்யாணமும் இல்ல, ஒண்ணும் இல்ல. குதிகால் வலி. நான் நின்னா நீங்க விட்டுட்டுப் போயிடுவீங்கன்னு பயம்."

எழிலரசி தன் பையிலிருந்து வலி மருந்து ட்யூபை எடுத்துக் காட்டினாள். கால்வாசிகூட மீதம் இல்லை. "எனக்கு நாற்பதுகூட ஆகலைக்கா. நான் போய் எப்படிச் சொல்றது?"

எல்லம்மாள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். இவள் வேகத்துக்கு ஈடுகொடுக்க மூன்று பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்திருக்கிறார்கள், இவளை விட மனசில்லாமல்! தன்னை இத்தனை பேர் விடாமல் பிடித்திருந்தது தெரியாமலா இருட்டில் ஒளிந்துகொண்டோம் என்று அவளுக்கு மலைப்பாக இருந்தது. பிறகு சிரிப்பு வந்தது. சிரித்த சிரிப்பில், என்னவோ ஏதோ என்று ஆட்டோவில் பின்னாலேயே ஊர்ந்து வந்த பாஷா இறங்கி ஓடி வந்தார். வாயு லிங்கம் போய்ச் சேர அன்றைக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது.

ஏழாம் நாள் குபேர லிங்கம் தாண்டி, மலையின் ஐந்து சிகரமும் ஐந்து முகமாகத் தெரியும் இடத்தில் வெயில் ஏறியது. எல்லம்மாள் விரல் விட்டு எண்ணினாள். ஐந்து. மறுபடி எண்ணினாள், ஐந்தேதான். கை தானாகக் குவிந்தது. முன்னியும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அண்ணாந்து பார்த்தபடி நின்றாள்.

எட்டாம் நாள், பௌர்ணமி காலை, ராஜகோபுரம் பத்தடியில் இருக்கும்போது எல்லம்மாள் நின்றுவிட்டாள்.

"என்னாச்சுக்கா, முட்டியா?"

"இல்லடி. இன்னும் பத்தடி வச்சா முடிஞ்சிடும்ல" என்றாள். கண் கலங்கியது.

ஜோதி ஒரு கையைப் பிடித்தாள், எழிலரசி இன்னொரு கையை. பைகளோடு முன்னி பின்னால் வந்தாள். பத்தடியை ரொம்ப மெதுவாக நடந்தார்கள்.

மறுநாள் விடியலில் எல்லம்மாள் தானாக எழுந்தாள். வாசல் தெளித்துக் கோலம் போட்டாள். யாரும் வருகிறேன் என்று சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஆனாலும் புடவை மாற்றினாள், கதவைப் பூட்டினாள், சாவியை முந்தானையில் முடிந்தாள். இந்தத் தடவை பூட்டுக்கு வெளியே நின்றாள்.

ஐந்தரைக்குத் தெருமுனையில் ஹாரன் அடித்தது.