பீரோவில் பூட்டிய சான்றிதழ்கள்

எங்கள் ஊர்க் காவல் தெய்வம் கருப்பர் எனக்குச் செய்ததைச் சொல்கிறேன். நான் வெட்கப்படுவதையும் சேர்த்தே சொல்கிறேன், கேளுங்கள்.

நான் வல்லத்திராக்கோட்டைப் பெண். எம்.சி.ஏ. முடித்ததும் ஒரு தனியார் கல்லூரியில் ஆப் உருவாக்கும் பாடம் நடத்தச் சேர்ந்தேன். சேர்ந்த அன்றே ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி பீரோவில் பூட்டிவிட்டார்கள். ஆசிரியர்கள் பாதியில் ஓடிவிடக் கூடாதாம். நாங்கள் என்ன ஆடா, மாடா?

காலேஜ் பஸ் எங்கே வருகிறது என்று காட்டும் ஆப் ஒன்றைப் பிள்ளைகளுக்காகச் செய்தேன். துறைத் தலைவர் வகுப்பில் வைத்தே அதைத் திறந்து பார்த்தார்.

"பாடம் நடத்தத் துப்பில்ல. இதுல பொம்மை வேற காட்டுறாங்க."

பிள்ளைகள் சிரித்தார்கள். அடுத்த வாரம் அதே ஆப்பைத் தான் செய்ததாக நிர்வாகத்திடம் காட்டினார்.

வேலைக்கு விண்ணப்பித்தபோது நான் அனுப்பிய அந்த ஆப்பைப் பார்த்துத்தான் சென்னையில் ஒரு கம்பெனி என்னைத் தேர்ந்தெடுத்தது. திங்கட்கிழமை ஒரிஜினலோடு போய் நிற்க வேண்டும். இல்லையென்றால் வேலை அடுத்த ஆளுக்கு. துறைத் தலைவரிடம் போய்க் கேட்டேன்.

"செமஸ்டர் முடியட்டும்மா. அதுவரைக்கும் பீரோவுலயே பத்திரமா இருக்கும்."

காலில் விழுந்தேன். காலை நகர்த்திக்கொண்டு டீ குடித்தார்.

எங்கள் ஊர்க் கருப்பர் முன்னால் நின்று அழுதேன். "சாமி, என் சான்றிதழ் எங்கிட்ட வரணும். அந்த ஆளு கை வெளங்காமப் போகணும்." ஆமாம், அப்படித்தான் கேட்டேன்.

வியாழக்கிழமை காலை திடீரென்று பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வுக்குழு வந்தது. ஆய்வு நாளில் ஒவ்வொரு ஆசிரியரும் ஒரிஜினலைக் கையில் வைத்துக் காட்ட வேண்டும். சாயங்காலம் மறுபடி வாங்கிப் பூட்டிவிடுவார்கள். துறைத் தலைவர்தான் என் ஃபைலை எடுத்து நீட்டினார். அவர் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கையாலேயே கொடுக்க வைத்தார் கருப்பர்.

குழு பார்த்து முடித்ததும் எழுந்தேன். பக்கத்தில் மாலதி அக்கா. ஆறு வருடமாக அங்கே மாட்டிக்கொண்டிருந்தவர். அவர் ஃபைலும் அவர் மடியில்தான் இருந்தது.

"எங்கிட்டும்மா போற?"

"தண்ணி குடிச்சிட்டு வாரேன்க்கா."

கேட்டைத் தாண்டி, வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தேன். இன்று நான் செய்யும் ஆப்பில் என் பெயர் இருக்கிறது. சனிக்கிழமைகளில் ஊர்ப் பெண்பிள்ளைகளுக்கு ஆன்லைனில் சொல்லித் தருகிறேன். துறைத் தலைவர் அதே நாற்காலியில் நன்றாகத்தான் இருக்கிறார். நான் ஓடிய பிறகு, ஆய்வு நாளில் யாரும் ஃபைலோடு வெளியே போகாதபடி கேட்டில் ஆள் போட்டுவிட்டார்களாம். மாலதி அக்காதான் போனில் சொன்னார்.

"நீ தப்பிச்சது சந்தோசந்தான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் வந்திருப்பேன்ல?"



நம்பிக் கேளுங்கள், கருப்பர் கொடுப்பார். எனக்குக் கொடுத்தார், சாகும்வரை மறக்க மாட்டேன். ஆனால் அன்றைக்கு என் ஒருத்திக்கு மட்டும் கேட்டேன். இப்போது வெள்ளிதோறும் அக்காவுக்காகக் கேட்கிறேன். இன்னும் கிடைக்கவில்லை. கோயிலுக்குப் போனால் நீங்களும் அவர் பெயரைச் சொல்லுங்கள். மாலதி.